டிரம்ஸ் வாசித்தது யார்?

ஸ்டூடியோவில் யாரும் கைதட்டுவதில்லை. டேக், அதாவது ஒருமுறை வாசித்துப் பதிவுசெய்வது, முடிந்ததும் சிம்பல் தட்டின் கடைசி ரீங்காரம் அடங்கும்வரை, உட்கார்ந்திருக்கும் ஸ்டூல்கூடக் கிறீச்சிடாதபடி அசையாமல் இருப்போம். அப்புறம் ஹெட்ஃபோனில் ஒரு குரல் வரும்: “சரி, அடுத்தது.” செஷன் டிரம்மருக்கு, அதாவது பிறர் பாடல்களின் பதிவுக்குக் கூலிக்கு வாசிப்பவருக்கு, இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. “இன்னொரு தடவை பார்க்கலாமா?” என்றால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். “ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா…” என்று ஆரம்பித்தால் அன்றைக்கு வீடு திரும்ப நேரமாகும்.

பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இடையிடையே என் பெயரிலும் இசை வெளியிட்டிருக்கிறேன். இரண்டையும் செய்கிறவனைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “எப்போ முழுசா சோலோவுக்குப் போகப் போறீங்க?” செஷன் என்பது குமாஸ்தா வேலை, சோலோ என்பது பதவி உயர்வு என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. இரண்டும் தனித்தனித் தொழில்கள். ஒன்றில் ஊறிய பழக்கம் இன்னொன்றில் காலை வாரிவிடும். அப்படியிருந்தும், கைநிறைய வேலை உள்ள டிரம்மர் ஒருவர் நஷ்டம் வரும் என்று தெரிந்தே எதற்காகத் தனி ஆல்பம் போடுகிறார்? அவர் உருவாக்கிய தாளம் அவருடையது என்று எழுதப்படும் இடம் அது ஒன்றுதான்.

வேலை எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வாசிக்கிற நேரத்தைத்தான் வேலை என்று நினைக்கிறார்கள். பாதி வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஸ்நேரை, அடியில் கம்பிகள் ஓடும் டிரம்மை, எடுத்துக்கொள்வோம். அடி விழும் மேல் ஹெட்டில் ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில், விளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே, ஸ்டிக் நுனியால் மெல்லத் தட்டி எல்லா இடத்திலும் சுருதி ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அது சுலபம். தொல்லை கொடுப்பவை அடியில் ஓடும் கம்பிகள். பாஸ் கிட்டாரில் ஏதோ ஒரு சுரம் விழும்போதோ, கம்பியில்லாத டாம் டிரம் ஒன்றை அடிக்கும்போதோ, யாரும் தொடாமலேயே அவை ‘ஸ்ஸ்ர்ர்’ என்று கூடவே அதிரும். மேடையில் அது யார் காதிலும் விழாது. மைக் முன்னால், அதுவும் மெதுவான பாட்டு என்றால், அது மட்டும்தான் காதில் விழும். கம்பிகளின் இரு முனைகளையும் ஒட்டியிருக்கும் கீழ்த் திருகுகளைக் கால் சுற்று தளர்த்தினால் சில சமயம் அடங்கும். அடங்காவிட்டால் டாமின் சுருதியைக் கொஞ்சம் நகர்த்துவேன். ஒரேயடியாக அடக்கிவிடவும் கூடாது. அந்தச் சலசலப்பு துளிகூட இல்லாவிட்டால் டிரம்ஸ் உயிரில்லாமல் கேட்கும்.

அப்புறம் சார்ட், அதாவது பாட்டின் வரைபடம். பாட்டை ஒரு முறை போட்டுக் காட்டுவார்கள். அது ஓடி முடிவதற்குள் ஒரே தாளில் எலும்புக்கூட்டை எழுதிவிட வேண்டும்: வெர்ஸ் (சரணம்) 8 பார் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று), கோரஸ் (பல்லவி) 8, இரண்டாவது கோரஸுக்குப் பின்னால் 2 பார் கூடுதல். நான்கு நான்காகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டில் எங்காவது இரண்டே அடி கொண்ட ஒரு 2/4 பார் ஒளிந்திருக்கும். பாடகர் மூச்செடுக்க விட்டதாக இருக்கலாம், பாட்டு வரி நீண்டுபோனதாக இருக்கலாம். அதற்கு மட்டும் ஒரு வட்டம் போடுவேன். முதல் டேக்கில் கை பாட்டோடு போனாலும் கண் அந்த வட்டத்தில்தான் இருக்கும்.

ஹெட்ஃபோனில் வேகம் காட்டும் கிளிக் ஓசை விஷயத்தில் பலருக்கும் தப்பான எண்ணம் இருக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி என்றால் அரை விநாடிக்கு ஒருமுறை காதில் ‘டக்’ என்று விழும். அந்த ஓசையைக் கேட்டு வாசிப்பதாக நினைக்கிறார்கள். சரியாக அதன் மேல் அடி விழுந்தால் அந்த ஓசையே கேட்காது. உங்கள் ஸ்நேர் அதை மூடிவிடும். கிளிக் காணாமல் போகும்போதுதான் நேரம் சரியாக இருக்கிறது. தொடர்ந்து தெளிவாகக் கேட்கிறதென்றால் நீங்கள் முன்னாலோ பின்னாலோ நகர்ந்திருக்கிறீர்கள். இதில் தேறிய பிறகுதான் அசல் வேலையே ஆரம்பிக்கிறது: காலால் அடிக்கும் கிக் டிரம்மை அப்படியே வைத்துவிட்டு ஸ்நேரை மட்டும் நூலிழை பின்னால் தள்ளுவது. சில மில்லிசெகண்ட்தான். ஆனால் பாட்டு சாய்ந்து உட்காரும். அதையே முன்னால் தள்ளினால் பாட்டுக்கு அவசரம் வந்துவிடும்.

இந்தத் தள்ளலைத் தயாரிப்பாளர்கள் யாரும் அந்தப் பெயரில் கேட்பதில்லை. “கொஞ்சம் இருட்டா வாசிங்களேன்” என்பார்கள். “இன்னும் பழுப்பா இருந்தா நல்லா இருக்கும்” என்று ஒருவர் கேட்டார். நான் ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டை விட்டுவிட்டு, டாம் மேல் ஒரு துணியைப் போட்டு அதில் வாசித்தேன். “இதான்! இதான்!” என்றார். பழுப்பு என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஹால் பிளெய்னைச் சொல்லாமல் இருக்க முடியாது. லாஸ் ஏஞ்சலஸில் ரெக்கிங் குரூ என்று பின்னாளில் பெயர் வாங்கிய செஷன் கலைஞர் கூட்டத்தின் டிரம்மர். 1966 முதல் 1971 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள், ‘ஆண்டின் சிறந்த பதிவு’ என்ற கிராமி விருதை வாங்கிய ஆறு பாடல்களிலும் டிரம்ஸ் அவர்தான். பாடியவர்கள் வெவ்வேறு. ஃபிராங்க் சினாட்ரா ஓர் ஆண்டு, சைமன் அண்ட் கார்ஃபங்கல் இரண்டு ஆண்டு. விருது வாங்க மேடையேறியவர்களில் பிளெய்ன் இல்லை. அவர் தன் பங்குக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தார். ‘ஹால் பிளெய்ன் மறுபடியும் வந்துவிட்டுப் போனார்’ என்ற தொனியில் ஒரு வாசகம். வாசித்து முடித்ததும் இசைத்தாளில் ஓர் அச்சு. குறும்புதான், ஆனால் அதைத் தவிர அவர் பெயர் பதிய வேறு இடம் அப்போது பெரும்பாலும் கிடையாது.

ஒரு குழுவின் படம் போட்ட ஆல்பத்தில் அந்தக் குழுவின் டிரம்மர் வாசித்திருக்க மாட்டார் என்பதும் அந்தக் காலத்தில் சகஜம். பேர்ட்ஸ் குழுவின் முதல் வெற்றிப் பாடலில் அந்தக் குழுவிலிருந்து கருவி வாசித்தவர் கிட்டார் கலைஞர் ஒருவர் மட்டுமே. டிரம்ஸ் பிளெய்ன். லண்டனில் 1962 செப்டம்பர் 11 அன்று பீட்டில்ஸின் ‘லவ் மீ டூ’ பதிவுக்கு ஆண்டி ஒயிட் என்ற செஷன் டிரம்மரை வரவழைத்தார்கள். ரிங்கோ ஸ்டார் பக்கத்தில் நின்று டாம்பரின் வாசித்தார். முதல் ஆல்பத்தில் இருப்பது ஒயிட் வாசித்ததுதான். அன்றைய செஷன் சம்பளத்தோடு அவர் கணக்கு முடிந்தது. ரிங்கோவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். எனக்கு ஒயிட்டின் நிலைமைதான் சுவாரஸ்யம். வந்தார், வாசித்தார், ஸ்டிக்கைப் பையில் போட்டுக்கொண்டு போனார். சரியான செஷன் ஆள்.

இனி அந்தத் தாளம் யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன்.

1975-இல் பாடகர் பால் சைமனின் பாட்டு ஒன்றுக்கு ஸ்டீவ் கேட் வாசித்தார். காதலியை விட்டுப் போக 50 வழிகள் என்று போகும் பாட்டு. ராணுவ அணிவகுப்பு டிரம்ஸின் சாயலில், இடது கை ஹை-ஹேட்டிலும் ஸ்நேரிலும் மாறி மாறி ஓடும் ஒரு சுழற்சி. டிரம்ஸ் கற்கும் எவரும் ஒரு காலத்தில் அதோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். 1976 பிப்ரவரியில் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாட்டு சைமனுடையது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் இரண்டு விநாடியிலேயே ‘ஓ, அந்தப் பாட்டு’ என்று நாம் கண்டுபிடிப்பது எதை வைத்து? மெட்டு இன்னும் தொடங்கவே இல்லை.

காப்புரிமை பொதுவாக மெட்டையும் வரிகளையும்தான் பாட்டு என்று எண்ணுகிறது. டிரம்ஸ் என்பது அந்தப் பாட்டை வாசித்துக் காட்டியது, அவ்வளவுதான். வாசித்ததற்குக் கட்டணம், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொழிற்சங்கக் கணக்கில் ஒரு செஷன் என்றால் வழக்கமாக 3 மணி நேரம். அதற்குள் நீங்கள் பழைய அடியை வாசித்தாலும் சரி, இதுவரை உலகில் இல்லாத ஒன்றை உருவாக்கினாலும் சரி, காசு ஒன்றுதான்.

இதன் உச்சம் இரண்டு பேரின் கதை. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் இருந்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் 1969 நவம்பரில் பதிவுசெய்த ஒரு பாட்டின் நடுவே, மற்ற கருவிகள் ஒதுங்க, தனியாகச் சில பார்கள் வாசித்தார். பின்னாளில் ஹிப்-ஹாப் கலைஞர்கள் அதை வெட்டி எடுத்து நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு அடித்தளமாக்கினார்கள். எழுதியவர் என்ற இடத்தில் பிரவுனின் பெயர்தான். ஸ்டபிள்ஃபீல்ட் அந்தக் காசைப் பார்க்காமலே 2017-இல் காலமானார். அதே 1969-இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் கிரெகரி கோல்மன் வாசித்த 4 பார், சுமார் 7 விநாடி. ‘ஆமென் பிரேக்’ என்று இன்று உலகமே சொல்கிறது. பிரிட்டனில் ஜங்கிள், டிரம் அண்ட் பாஸ் என்று முழு இசை வகைகளே அதன் மேல் எழுந்தன. கோல்மன் 2006-இல் வறுமையில் இறந்தார். 2015-இல் ரசிகர்கள் காசு திரட்டி 24,000 பவுண்டு கொடுத்தபோது வாங்கிக்கொண்டவர் குழுத் தலைவர்.

இதைச் சொன்னால் உடனே சிலர், “அப்படிப் பார்த்தால் யாரும் எந்தத் தாளத்தையும் வாசிக்கவே முடியாதே” என்பார்கள். நியாயமான கேள்வி. டிரம்மர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துத்தான் வளர்கிறோம். பெர்னார்ட் பர்டி என்ற டிரம்மர் ஒரு ஷஃபிள், அதாவது துள்ளி நடக்கும் தாளம், வாசிப்பார். பலமான ஸ்நேர் அடிகளுக்கு நடுவில், காதுக்கு எட்டியும் எட்டாமலும் கோஸ்ட் நோட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் பெயரிலேயே அதைச் சொல்கிறோம். ஜெஃப் போர்காரோ, 1982-இல் வந்த டோட்டோ குழுவின் ‘ரோஸானா’வுக்கு வாசித்தபோது, பர்டியிடமிருந்து ஒன்று, டிரம்மர் ஜான் போனமிடமிருந்து ஒன்று, பாடகர் போ டிட்லியின் தாளத்திலிருந்து ஒன்று என்று எடுத்துச் சேர்த்ததாக வெளிப்படையாகவே சொன்னார். அவர் அப்படிப் பெயர் சொன்னது எனக்கு மிகவும் பிடிக்கும். பூட்டி வைப்பதற்கும் பெயரே சொல்லாமல் விடுவதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

சட்டம் முழுக்கக் கைவிட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் இணைய வானொலிக்கும் செயற்கைக்கோள் வானொலிக்கும் வசூலாகும் ராயல்டியில் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, மீதி 5 சதவீதம் பின்னணியில் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும். சில்லறைதான். அந்தச் சில்லறையும் வர வேண்டுமானால் யார் வாசித்தது என்று எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். அதனால் கருவியைக் கட்டுவதற்கு முன்னால், அன்று வாசித்த எல்லோருடைய பெயரையும், எந்தப் பாட்டில் எந்தக் கருவி என்பதையும் எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்பிவிடுவேன். வாசிப்பில் எனக்கு என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்று யாராவது இளைய டிரம்மர் கேட்டால் வேறு ஏதாவது சொல்வேன். தொழிலில் என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

காதுக்கு அடைப்பானும் போடச் சொல்வேன். 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம்ஸ் முன் உட்கார்ந்தால் அந்த 15 நிமிடம் ஒத்திகையிலேயே போய்விடும்.

1980-இல் ரோஜர் லின்னின் எல்எம்-1 வந்தது. நிஜ டிரம்ஸ் ஒலியைப் பதிவுசெய்து வைத்திருந்த முதல் டிரம் மெஷின். இனி நம் கதை முடிந்தது என்று பயந்த டிரம்மர்கள் உண்டு, கொஞ்சம் வேலை போகவும் செய்தது. மறுவருடமே ஃபில் காலின்ஸ் தன் முதல் தனி ஆல்பத்தின் முதல் பாட்டில் ஒரு மெஷினை மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டு, அதற்குப் பிறகு நிஜ டிரம்ஸை இறக்கினார். காத்திருந்து விழும் அந்த அடியை எல்லோருக்கும் தெரியும். ஒரு டிரம்மர் மெஷினுக்குச் சொன்ன பதில்களில் அதைவிட அழகானது எனக்குத் தெரியவில்லை. ஆனால் காலின்ஸுக்குப் பாட வரும். பாடத் தெரிந்த டிரம்மர் சோலோவுக்குப் போனால் அவர் பாடகர். சங்கடமெல்லாம் பாடத் தெரியாத எங்களுக்குத்தான்.

பாடாத டிரம்மர் தனி ஆல்பத்தில் என்ன செய்வது? சாண்டி நெல்சன் டிரம்ஸையே முன்னால் வைத்தார். 1959-இலும் 1961-இலும் அவருடைய டிரம்ஸ் இசை அமெரிக்காவின் முதல் பத்துப் பாடல்களில் இடம்பிடித்தது. 1963-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது காலின் ஒரு பகுதியை இழந்த பிறகும் வாசித்தார், ஆல்பங்கள் வந்துகொண்டே இருந்தன. பில்லி கோபம் என்ற டிரம்மர் 1973-இல் ‘ஸ்பெக்ட்ரம்’ ஆல்பத்துக்குப் பாடல்களைத் தானே எழுதினார். அதில் ஒன்றின் பாஸ், டிரம்ஸ் சுழற்சியை 1991-இல் மாஸிவ் அட்டாக் என்ற பிரிட்டிஷ் குழு எடுத்து ஆண்டது. எழுதியவர் பில்லி கோபம் என்பதால் அங்கே உரிமையும் அவரிடம் இருந்தது. ஸ்டபிள்ஃபீல்டுக்குக் கிடைக்காதது அது. பாடகர் பீட்டர் கேப்ரியலோடு வாசித்துப் பெயர் வாங்கிய மனு கச்சே 2005-இல் வெளியிட்ட ஆல்பம் வேறு தினுசு. டிரம்மர் ஆல்பம் என்று தெரியாமல் கேட்டால் சாக்ஸஃபோனும் டிரம்பெட்டும்தான் நாயகர்கள் என்று நினைப்பீர்கள்.

நான் கச்சே கட்சி. டிரம்ஸ் மட்டும் தனியாக நீண்டு ஒலிக்கும் பகுதிகள் நிறைந்த ஆல்பத்தைக் கடைசிவரை கேட்பவர்கள் மற்ற டிரம்மர்கள் மட்டும்தான். அவர்களும் எண்ணிக்கொண்டே கேட்பார்கள்.

என் ஆல்பத்துக்கு வேலை செய்யும்போது முதலில் இடறுவது செஷன் பழக்கம்தான். பாட்டுக்கு இடம் விடு, குறுக்கே போகாதே என்று கை தானாக ஒதுங்கிக்கொள்ளும். யாருக்காக ஒதுங்குகிறேன் என்று பார்த்தால் அங்கே யாரும் இல்லை. எப்போது முடிந்தது என்று சொல்லவும் ஆளில்லை. வீட்டிலேயே பதிவு செய்வதால் கடிகாரமும் ஓடாது. டிரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக் இரண்டும் ஸ்நேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று கயிறு வைத்து அளந்துகொண்டிருப்பேன். ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஓடுவது சுமார் 34 சென்டிமீட்டர். ஒரு மைக் ஒரு சாண் தள்ளிப்போனாலும் ஸ்நேர் சவசவவென்று ஆகிவிடும். அளப்பது அவசியமான வேலை. வாசிப்பதைத் தள்ளிப்போடவும் வசதியான வேலை.

அப்புறம் மற்றவர்களை வாசிக்கக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். பாஸ் வாசிக்கும் நண்பரிடம் ஏதோ வேண்டும் என்று தெரிகிறது, என்ன என்று சொல்ல வரவில்லை. “கொஞ்சம் ஈரமா வாசிங்களேன்” என்று வாயில் வந்துவிட்டது. அவர் சிரிக்காமல் தலையாட்டிவிட்டு, கம்பிகளுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகினார். நான் நினைத்தது அதுதான்.

சோலோவில் காசு வருமா என்றால், செஷனில் வரும் காசுதான் சோலோவுக்குப் போகிறது. ஆனால் எதிர்பாராத ஒன்று நடக்கும். ஆல்பத்தைக் கேட்டவர்கள் செஷனுக்குக் கூப்பிடும்போது, “ஒரு டிரம்மர் வேணும்” என்று கேட்பதில்லை, “அந்த மூணாவது டிராக்ல வாசிச்ச மாதிரி வேணும்” என்கிறார்கள். பேரம் பேச முடிகிறது. சில சமயம் எழுதியவர் பட்டியலில் பங்கு கேட்கவும் முடிகிறது. பதிலுக்கு ஒரு தலைவலி: என்னையே நான் காப்பியடித்து வாசிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் அன்றைக்கு இருந்ததைவிட நன்றாக.

இப்போது முடியப்போகும் ஆல்பத்தில் இந்தப் பங்கு விவகாரம் என் பக்கமே திரும்பியிருக்கிறது. தாளத்திலிருந்து பிறந்த டிராக்குகளில் பாஸ் நண்பரையும் எழுதியவராகப் போட்டுவிட்டேன். ஸ்பாஞ்ச் செருகிய டிராக் உட்பட. நான் மெட்டை முழுசாக எழுதிக் கொடுத்து அவர் அப்படியே வாசித்தவற்றில் வாசித்தவர் என்று மட்டும். ஒரே ஒரு டிராக் இழுத்துக்கொண்டிருக்கிறது. மெட்டு என்னுடையது, ஆனால் அவர் இரண்டாவது பாரில் ஒரு சுரத்தை விட்டுவிட்டு வாசித்தார், அந்த இடைவெளியைக் கேட்டுத்தான் நான் டிரம்ஸை முழுசாக மாற்றினேன். வாசிக்காமல் விட்ட சுரத்துக்கு எத்தனை சதவீதம்? “எனக்கு எதுவும் வேண்டாங்க” என்கிறார் அவர். நான் 25 என்று எழுதி அனுப்பியிருக்கிறேன், அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.